லெட்டர் வரும்னு சொன்னேன்

எங்க எஸ்டேட் குத்தகைதாரர் ஒருத்தரோட பொண்ணு, அவங்க கேட்டது ஒரே கேள்விதான். "அப்பா போயிட்டாரு, இப்ப நான் ஏதாவது பண்ணணுமா?" நான் சொன்னேன், "ஆபீஸ்லேருந்து லெட்டர் வரும்ங்க, அதுவரைக்கும் மாட்டைப் பாத்துக்கோங்க." 1983 அக்டோபர் மாசம். அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகல, ரப்பர் பூட்ஸோட கவுண்டர்ல நின்னாங்க.

பொய் சொல்லல. லெட்டர் வந்துச்சு, நான்தான் டைப் பண்ணேன், எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதற ஆளுன்னு பேரு, டைப்பிங்கும் என் தலையிலதான்.

இங்கிலாந்துல, ஷ்ராப்ஷயர்ல அவங்க பண்ணை 140 ஏக்கர், பால் மாடு. குத்தகைதாரர் செத்தா பொண்ணோ பையனோ குத்தகையைத் தொடரக் கேக்கலாம்னு 1976ல சட்டம் வந்துச்சு, கடைசி ஏழு வருஷத்துல மொத்தமா அஞ்சு வருஷமாவது அந்த நிலத்து வேலைதான் முக்கியமான பிழைப்புன்னு காட்டணும். இவங்க ஸ்கூல் விட்ட நாள்லேருந்து விடிகாலை அஞ்சு மணிக்கு பால் கறந்தவங்க, இதைவிட என்ன காட்டறது? ஆனா ட்ரிப்யூனலுக்கு, அதாவது இந்த மாதிரி குத்தகை விவகாரத்தைத் தீர்க்கற தீர்ப்பாயத்துக்கு, மூணு மாசத்துக்குள்ள மனு போடணும், அந்த மூணு மாசம் எங்க லெட்டர் தேதிலேருந்து இல்ல, சாவுக்கு மறுநாளே ஓட ஆரம்பிச்சுடும். லெட்டருக்காகக் காத்திருக்கறதுதான் அதுல இருக்கற குழி. அந்தக் குழிப் பக்கம்தான் நான் அவங்களைக் கையைக் காட்டி அனுப்பி விட்டேன்.

எனக்குத் தெரியுமான்னா, தெரியும். அந்த வருஷம் பூரா ஆபீஸ்ல இதே பேச்சுதான், இந்த வாரிசு உரிமையை நிறுத்தப் போறாங்கன்னு. (1984 ஜூலைல நிறுத்தினாங்க, அதுவும் புதுக் குத்தகைக்கு மட்டும்தான், பழசுக்கு அப்படியே இருந்துச்சு.) ஆள் இல்லாத நிலத்துக்கு இருந்த விலை குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு கிடையாது, இது எஸ்டேட்ல டீ போடற அம்மாவுக்கும் தெரிஞ்ச விஷயம். லெட்ஜர்ல அவங்க அப்பா பேருக்குப் பக்கத்துல ஏஜெண்ட், நிலத்துக்காரருக்காக எஸ்டேட்டைப் பாத்துக்கறவரு, பென்சிலால லேசா "ஜன. 4"ன்னு எழுதி வெச்சிருந்தாரு. வேற ஒண்ணும் எழுதல. அவங்க வந்தப்ப லெட்ஜர் கவுண்டர் மேலதான் கெடந்துச்சு, நான் அதை மூடினேனா இல்ல முன்னாடியே மூடித்தான் இருந்துச்சா, எவ்வளவு யோசிச்சாலும் இதுமட்டும் புடிபடல.

ஏஜெண்ட் என்கிட்ட சொல்லாதேன்னு சொல்லல. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டாச்சு, அப்புறம்தான் தோணும், சொல்லாதேன்னு சொல்லலைன்னா அப்ப வாயைத் திறக்க என்ன தடைன்னு. சம்பளம் குடுத்தது நிலத்துக்காரர், அவங்களுக்கு வக்கீல் வேலை பாக்க நான் யாரு? விவசாயிகள் சங்கம் இருந்துச்சு, அங்க கேட்டிருக்கலாம். ஆனா அவங்க அங்க கேக்கல, என்னைக் கேட்டாங்க.

அந்த லெட்டர், காலி பண்ணச் சொல்ற நோட்டீஸ், கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரம் போய்ச் சேந்துச்சு. அவங்க வக்கீலைப் பாக்கறப்ப ஜனவரி 9, கெடு தாண்டி அஞ்சு நாள். மனு எடுபடல. 1985 மார்ச் 25க்குள்ள காலி பண்ணணும். நடுவுல 1984 ஏப்ரல்ல, இவ்வளவுக்கு மேல பால் வித்தா அபராதம்னு பால் கோட்டா வேற வந்து, இருந்த கடைசி வருஷமும் அவங்களுக்கு நிம்மதியா போகல.

ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு பண்ணைலேருந்து ஒரு விதவை அதே கவுண்டர்ல நின்னு கேட்டாங்க. இந்தத் தடவை தேதியைச் சொல்லிடணும்னு மனசுல இருந்துச்சு, வாயில வந்தது "வக்கீலைப் பாத்துடுங்க" மட்டும்தான். "போன வாரமே பாத்துட்டேன்பா"ன்னாங்க. அப்ப எனக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமான்னு இன்னிவரைக்கும் தெரியல.

அந்தப் பொண்ணு பண்ணையைக் காலி பண்றப்ப மதிப்பீட்டாளர் வந்து டேப் வெச்சு எருக்குவியலை அளந்தாரு, அப்பா போட்ட சுண்ணாம்புக்கு மண்ணுல இன்னும் எத்தனை வருஷ சத்து மிச்சம்னு கணக்கு போட்டாரு, அந்தக் காசெல்லாம் போறவங்களுக்குச் சேரணும். செக் வாங்க அவங்க வந்தப்ப பேப்பரை விரலால வரி வரியா தொட்டுப் படிச்சுட்டு, மேல் கொட்டாயில இருந்த காய்ஞ்ச புல்லைக் காணோமேன்னாங்க. பாத்தேன், நெசமாவே விட்டுப் போச்சு. மதிப்பீட்டாளருக்கு ரெண்டு போன், ஏஜெண்ட் ரூமுக்கு மூணு தடவை நடை, சாயங்காலத்துக்குள்ள வேற செக் எழுதி வாங்கி, அவங்க வீட்டுக்கு நானே சைக்கிள்ல கொண்டு போய்க் குடுத்தேன். புல் கட்டு மொத்தம் நாப்பதுதான்.