கூந்தன்குளத்தில் மூன்று கேமராவும் ஒரு மூடியும்

நேற்று காலையில்தான் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை வந்து இறங்கினேன். கேமராப் பட்டையில் நாரை எச்ச வாடை இன்னும் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டாயிற்று. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எந்த கேமரா பாடி வாங்குவது என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அந்த வரிசை தேறாது. முதலில் கார்க்காரர் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். விடிவதற்குள் குளக்கரையில் நிற்க வேண்டும் என்பதால் முந்தின இரவே ஒரு காரைப் பேசி வைத்தேன். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். காலை நாலரைக்கு வந்தார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார், நான் பையைத் திறந்து லென்ஸை எடுக்கும்வரை. திரும்பி வந்து இறக்கிவிட்டபோது 3,000 கேட்டார். ஏன் என்றால், "இம்புட்டுப் பெரிய குழாயைத் தூக்கிட்டு வந்திருக்கிய, எண்ணூறு ரூவாய்க்கு இப்படிக் கணக்குப் பாக்கியளே அண்ணாச்சி!" லென்ஸ் நீளத்துக்கு வாடகை வாங்கும் ஊரை முதல் முறையாகப் பார்க்கிறேன். நடுத்தெருவில் பத்து நிமிடம் நின்று பேசி, 2,500-க்கு முடிந்தது. அந்த 300 ரூபாய் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் குழாய் பெரிதுதான், மறுக்கவில்லை. நிக்கானின் 200-500 மி.மீ., ட்ரைபாட் காலரோடு 2.3 கிலோ. அதன் பின்னால் மாட்டியிருப்பது 2016-இல் வாங்கிய டி7200. கேமராவில் நல்ல கேமராதான், ஆனால் பறவை என்றால் கை விரிக்கிறது. வினாடிக்கு ஆறு படம். ரா-வில், அதாவது பதப்படுத்தாத மூலக் கோப்பாக, வைத்து அழுத்தினால் இருபது படத்துக்குள் மூச்சு முட்டி நின்றுவிடும். கூழைக்கடா இறங்கும்போது சுட ஆரம்பித்தால், அது தண்ணீரைத் தொடும் நேரத்தில் கேமரா இளைப்பாறிக்கொண்டிருக்கும். மாற்ற வேண்டும் என்று இரண்டு வருடமாகப் புலம்பல். கையில் சீட்டுப் பணம் 90,000. அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கேனான் ஆர்7-க்குப் போ என்று சொன்னவர்கள் உண்டு. 32.5 மெகாபிக்சல், வினாடிக்கு 15 படம், ஆசைதான். லென்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றதும் ஆசை அடங்கியது. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று, நிக்கானின் பழைய டி500. 2016-இல் வந்தபோது பறவைக்காரர்கள் கொண்டாடிய பாடி, இப்போது நிறுத்திவிட்டார்கள், செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். இன்னொன்று, 2024 கடைசியில் வந்த, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ், நிக்கான் இசட்50-இன் இரண்டாம் பதிப்பு. வெளிவந்தபோது விலை எண்பதாயிரத்துக்குள். அதில் நம் பழைய லென்ஸை மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் தனியாக வேண்டும். கடையில் இரண்டு கொக்குப் படத்தைக் காட்டி வாங்க வைத்துவிடுவார்கள் என்பதால், சென்னையில் ஒரு வாடகைக் கடையில் புது இசட்50-யை அடாப்டரோடு நாலு நாளைக்கு எடுத்தேன். 4,800 ரூபாய், முன்பணம் தனி.

கூந்தன்குளம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதெல்லாம் பலகையில் இருக்கும். பலகையில் வராத சங்கதி, நாரைகள் குடியிருப்பது ஊருக்குள்ளே என்பதுதான். வீட்டு முற்றத்து வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கீழே பாத்திரம் துலக்குகிறார்கள், துணி காயப் போடுகிறார்கள், மேலே குஞ்சுகள் கத்துகின்றன. ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. எச்சம் விழுந்த வாசலைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். "மக மாதிரி தாய் வீட்டுக்குப் பிள்ளை பெறத்தானய்யா வருது, அதைப் போயி தொந்தரவும்பாகளா?" என்றார். மறு நொடி என் தோளில் சொத்தென்று விழுந்தது. பாட்டி சிரித்த சிரிப்பில் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த வேப்பமரத்தடியில்தான் எனக்குப் பாதி விடை கிடைத்தது. கூட்டுக்கு முன்னால் குச்சியும் இலையுமாக ஒரே அடைசல். டி7200 ஒவ்வொரு முறையும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத்தான் பிடித்தது. நாரை பின்னால் மஞ்சள் பூச்சாகத் தெரிந்தது. ஒற்றை ஃபோகஸ் புள்ளியை நகர்த்தி, இடுக்கில் நுழைத்து, கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் அது தலையைத் திருப்பிக்கொள்ளும். அதே லென்ஸைக் கழற்றி இசட்50-இல் மாட்டினேன். பறவை என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டேன். இலை இடுக்கில் தெரிந்த கண்மேல் சின்னக் கட்டம் போய் உட்கார்ந்தது. நாரை குனிந்து குஞ்சுகளுக்காகக் கூட்டுக்குள் மீனைக் கக்குகிறது, கட்டமும் கூடவே குனிகிறது. பத்து வருடமாக நான் கட்டைவிரலால் செய்துகொண்டிருந்த வேலையை அது கேட்காமலே செய்தது. கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது.

இன்னொரு வித்தை. பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்தால், முழுதாக அழுத்திய நொடிக்கு ஒரு வினாடி முந்தியவற்றையும் சேர்த்து எழுதிவிடும். நாரை எப்போது கிளம்பும் என்று தெரியாமல் ஆயிரம் வெற்றுக் கிளைப் படம் எடுத்தவனுக்கு இது வரம். ஜேபெக்கில் மட்டும்தான் வரும், பரவாயில்லை. கால் கிளையை விட்ட கணம், நகம் இன்னும் பட்டையில், இறகு முழு விரிப்பில். அந்த ஒரு படத்துக்காகவே 4,800 செரித்தது.

அப்படியே நம்பி வாங்கியிருந்தால் ஏமாந்திருப்பேன். வாய்க்கால் பக்கம் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தது. அதே முறையில் சுட்டுப் பார்த்தால் இறக்கை வெயிலில் வாடிய வாழையிலைபோல வளைந்திருக்கிறது. அந்த வித்தை ஓடுவது எலக்ட்ரானிக் ஷட்டரில், அது படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் அந்த இறக்கை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நாரையின் நிதானமான வீச்சில் இந்தக் கோளாறு தெரியவே இல்லை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் இறக்கை நேராகிவிடும். ஆனால் அந்த முந்தைய வினாடி வித்தை போய்விடும்.

பக்கத்தில் மதுரைக்காரர் ஒருவர் நிக்கான் இசட்8 வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, பத்து நிமிடம் கையில் கொடுத்தார். சத்தமே இல்லை, வியூஃபைண்டரில் இருட்டு அடிப்பதில்லை, மீன்கொத்தியின் இறக்கை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர். 45.7 மெகாபிக்சலை அள்ளிக்கொண்டு வினாடிக்கு இருபது படம் ரா-வில். இந்தியாவுக்கு வந்தபோது விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது.

ஒன்பது மணிக்கு மேல் மூன்று கேமராவும் ஒன்றாகிவிட்டன. குளத்தின் நட்டநடுவில் வரித்தலை வாத்துக் கூட்டம், முந்நூறு மீட்டராவது இருக்கும். இடையில் கானல் நெளிகிறது. டி7200-இல் கூழ், இசட்50-இல் கூழ், மூன்று லட்சத்திலும் அதே கூழ். இமயமலையைத் தாண்டி வரும் அந்த வாத்துகளுக்காகத்தான் போனேன். ஒரு படம்கூடத் தேறவில்லை. மறுநாள் ஆறரைக்கே எடுத்ததில் இரண்டு தேறின, அதுவும் டி7200-இல். இசட்50-இன் பேட்டரி குட்டி. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக் காத்திருந்தாலே தின்கிறது, இரண்டு மணி நேரத்தில் சிவப்பு. கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்காமல் இதை நம்பிக் காட்டுக்குப் போகாதீர்கள்.

மதியம் டவுனில் ஒரு சின்ன மெஸ். சனிக்கிழமை சொதி என்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது. இந்த ஒரு வேளைக்காகவே இன்னொரு முறை போகலாம். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளை, பீன்ஸ், மேலே எலுமிச்சை. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். நான் சாம்பார் எங்கே என்று பார்த்ததைக் கவனித்த பரிமாறுகிறவர், "சொதி அன்னைக்குச் சாம்பார் கேக்கப்படாது" என்றார். மூன்று முறை சோறு வாங்கினேன். 130 ரூபாய். கார்க்காரர்மேல் இருந்த கோபம் பாதி அங்கேதான் கரைந்தது.

மாலை பாளையங்கோட்டையில் ஒருவர் வீட்டில் டி500. 58,000 சொன்னார். ஷட்டர் நாற்பதாயிரம் தடவைகூட ஓடவில்லையாம். கையில் எடுத்ததும் மயங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. பிடி கைக்குள் அப்படியே அடங்குகிறது, 153 ஃபோகஸ் புள்ளி, வினாடிக்குப் பத்து படம், படங்களைத் தாங்கும் பஃபர் நிறையவே நிறையாது. மொட்டைமாடியில் காக்காய் பறக்கப் பறக்கச் சுட்டேன், விடாமல் பிடித்தது. பணத்தை அனுப்ப போனை எடுத்துவிட்டேன். எதற்கும் என்று ஒரு படத்தை லேப்டாப்பில் போட்டுத் தகவலைப் பார்த்தால், ஷட்டர் எண்ணிக்கை 1,87,000-ஐத் தாண்டி நிற்கிறது. டி500-க்கு நிக்கான் சோதித்துச் சொல்லும் ஆயுளே இரண்டு லட்சம். "வண்டின்னா மீட்டர் ஓடத்தானே சார் செய்யும்" என்றார், கண் சிமிட்டாமல். காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். செகண்ட் ஹேண்டில் பாடி பார்க்கப் போகிறவர்கள் லேப்டாப் இல்லாமல் படியேறாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார் எடுக்கவில்லை. நாலு மணிக்கே வந்து நின்ற ஒரு ஆட்டோக்காரரிடம் லென்ஸைப் பைக்குள் வைத்தபடியே பேரம் பேசினேன். விலை படிந்தது. திரும்பும்போது மூலைக்கரைப்பட்டி வரை வந்து பஸ் பிடித்தேன். நாற்பது ரூபாய்கூட ஆகவில்லை. மடியில் லென்ஸ், காலடியில் யாரோ ஒருவரின் வாழைத்தார்.

என்ன வாங்கப் போகிறேன்? இசட்50-தான். நான் எடுப்பது ஏரியும் குளமும், கொக்கும் நாரையும். மீன்கொத்திக்கு மெக்கானிக்கல் ஷட்டர் போதும். 24 மெகாபிக்சலிலிருந்து 20.9-க்கு இறங்குகிறாயே, பணம் கொடுத்துக் குறைத்துக்கொள்கிறாயா என்று தம்பி கேட்கிறான். கேட்கட்டும். கண் மேல் ஃபோகஸ் இல்லாத 24-ஐ வைத்து நான் என்ன செய்வது? பாடி, அடாப்டர், பேட்டரி இரண்டு என்று கூட்டினால் சீட்டுப் பணத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. டி7200-ஐ விற்றுச் சரிக்கட்டலாம், ஆனால் அந்த இரண்டு வாத்துப் படத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

இன்று வாடகைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாடி மூடி, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை அடைக்கும் மூடி, எங்கே என்றார்கள். பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் லென்ஸ் மாற்றும்போது சட்டைப்பையில் போட்டது, எச்சம் விழுந்து சட்டையைக் கழற்றி உதறியபோது போயிருக்கும். முன்பணத்தில் 350 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து யாராவது அந்தத் தெருவுக்குப் போனால், பாட்டி வீட்டு வாசலில் கருப்பாக, வட்டமாக ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள்.