ஃபியூஸ் இல்லாத கேபிள்

மலேசியாவின் லங்காவித் தீவில் நங்கூரமிட்டிருந்த ஒரு காலையில் சாவியைத் திருகியபோது ‘டக்’ என்ற ஓசை மட்டுமே கேட்டது; எங்கள் பாய்மரப் படகின் டீசல் எஞ்சின் சுழலவில்லை. பேட்டரியோ 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ் காட்டியது. எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டரைச் சந்தேகித்து, அதைக் கழற்றப் போய் முழங்கைத் தோலை உரித்துக்கொண்டதுதான் மிச்சம்.

சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்ட் இந்தக் கோளாறைச் சொல்லாது. சுமை ஏறும்போது அளக்க வேண்டும். மனைவி சாவியைத் திருகிப் பிடித்திருக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் உடலிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது; அத்தனையும் நெகட்டிவ் கேபிளின் வழியில் வீணாகிக்கொண்டிருந்தது. கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கின் மேலிருந்த உறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே பச்சைப் பொடி. வெள்ளீயம் பூசாத செம்பை உப்புக் காற்று அரித்திருந்தது.

புதிய கேபிளின் தடிமனைக் கணக்கிட்டே வாங்கினேன். போக வர 6 மீட்டர், 200 ஆம்பியர் என்றால், 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஏறக்குறைய 0.8 வோல்ட் வீணாகும். 50 சதுர மில்லிமீட்டரில் 0.4 தான். வெள்ளீயம் பூசிய கம்பி, லக்கைக் கம்பியோடு நசுக்கிப் பிணைக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப், சூடேற்றினால் இறுகி ஒட்டும் பசையுள்ள சுருங்கு உறை ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்கவில்லை.

அமெரிக்கப் படகுத் தரவிதியான ஏபிஒய்சி இ-11, பேட்டரியிலிருந்து கிளம்பும் மற்றக் கம்பிகளுக்கு ஃபியூஸ் கேட்டாலும், ஸ்டார்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிளுக்கு விலக்கு அளிக்கிறது. எனவே அதன் மேலுறை எஞ்சினில் உரசித் தேய்ந்தால், கேபிள் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும் வரை தடுக்க எதுவும் இல்லை. இதை நினைத்தே கேபிளைக் குழாய்க்குள் செலுத்தி, நெடுகிலும் கிளாம்ப் போட்டு, ஸ்டார்ட்டர் முனைக்கு ரப்பர் தொப்பியும் மாட்டினேன்.

முதல் பேட்டரி, இரண்டாவது பேட்டரி, இரண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பழைய ‘1-2-இரண்டும்’ சுவிட்சையும் எடுத்துவிட்டேன். எஞ்சின் ஓடும்போது யாராவது அதை அணைத்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கருகிவிடக்கூடும். இப்போது ஒரு பேட்டரி எஞ்சினுக்கு மட்டும்; ஃபிரிட்ஜும் விளக்குகளும் தனிப் பேட்டரித் தொகுதியில். ஆல்டர்னேட்டர் ஓடும்போது ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் இரண்டையும் இணைத்துச் சார்ஜ் செய்கிறது.

வேலை தொடங்குமுன் நெகட்டிவை முதலில் கழற்றினேன், கடைசியில்தான் மாட்டினேன். தவறிப்போய் ஷார்ட் ஆகாமலிருக்க ஸ்பேனரின் கைப்பிடியில் சுற்றிய டேப்பை இன்னும் பிரிக்கவில்லை.