அவிக்காத மா

திருகோணமலையில் மெடிக்கல் வார்ட்டில் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து நான் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: "ஐயா, சீனியைக் குறையுங்கோ." தம்பலகாமத்திலிருந்து வந்த அந்த வயற்காரரிடம்தான் மாற்றிச் சொல்லவேண்டி வந்தது.

விடியப்புறத்தில் பெண்சாதியையே அடையாளம் தெரியாமல் ஏசுவாராம். கையில் கோயில் நூல் வேறு. வந்த அன்றிரவு எனக்கும் ஏச்சு விழுந்தது. குடிகாரர் என்றே நினைத்தேன். ஏதோ தோன்றி விரலில் குத்திப் பார்த்தால், இரத்தத்தில் சீனி வெறும் 38. டெக்ஸ்ரோஸ் என்ற சீனிக்கரைசல் ஏறியதும், "மகள், கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார், வேறு ஆள் போல. அறிகுறி, குறைந்த சீனி, சீனி ஏறியதும் தெளிவு: 1930களில் விப்பிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த மூன்று அடையாளங்களும் என் கண்முன்னே.

கணையத்தில் சின்னக் கட்டி. பட்டினி கிடந்தாலும் அது சீனியை இறக்கும் இன்சுலினைச் சுரந்துகொண்டேயிருக்கும். வெட்டி எடுப்பதுதான் சரியான வழி, ஆனால் அவருடைய இதயம் அதைத் தாங்காது என்றார்கள். எனவே டயசொக்சைட் குளிசை. அது இன்சுலினை அடக்கும். உடம்பில் நீரையும் கட்டும், பலவீனமான இதயத்துக்கு அது ஆகாது. அதற்காகத் தயசைட் குளிசையும் சேர்ந்தது. நீரை இறக்கும், சீனியையும் கொஞ்சம் ஏற்றும். மற்றவர்களில் நாங்கள் பயப்படுகிற பக்கவிளைவு இவருக்கு மருந்து! தினமும் காலையில் நிறை பார்ப்பதும், கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதும் என் வேலை.

பகலில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாப்பாடு. இரவுதான் சிக்கல். படுக்கும்முன் கோர்ன்ஃப்ளவர் மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தது. பச்சை மா மெதுவாகச் செரித்து, மணிக்கணக்காகச் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். அதிகாலை 3 மணிக்குப் பார்த்தால் 41.

"மா குடுத்தனீங்களா, அம்மா?" என்று அவருடைய பெண்சாதியைக் கேட்டேன்.

"ஓம் மிஸ். வருத்தக்காரனுக்குப் பச்சை மாவைக் குடுக்கலாமே? வீட்டில காய்ச்சி பிளாஸ்கில கொண்டுவந்து குடுத்தனான்."

காய்ச்சினால் கஞ்சி, கெதியாகச் செரித்துவிடும். காய்ச்சக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. பிழை என்னுடையது. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துத் திரும்பக் குத்தி, பிறகு பாணும் கொடுத்தேன். வெறும் சீனியோடு விட்டால் கட்டி இன்னும் இன்சுலினைச் சுரந்து திரும்ப விழுத்திவிடலாம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ஊரில் "சீனி வருத்தம்" என்று கேள்விப்பட்டு, போகிற வீடெல்லாம் அவருக்குச் சீனியில்லாத் தேத்தண்ணியே கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கிளினிக்குக்கு வந்தபோது காதோரமெல்லாம் ரோமம், டயசொக்சைட்டின் கைங்கரியம். "இளமை திரும்புது, மகள்" என்றார். அம்மா பையைத் திறந்து, மாப் பேணியையும் கரண்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"காய்ச்சிறதில்ல, மிஸ்."