கால்வாய்க்காரர் ரோல்ட்

கோர்ட்டு, மனு என்று அலையாமல் ஒரு பாலத்தைத் தூக்க வைத்த மனிதர் டாம் ரோல்ட். இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயில் தூக்குப்பாலம் இருந்த இடத்தில், படகு நுழைய முடியாதபடி தாழ்வாக இரும்புப் பாலத்தைப் போட்டுவிட்டது ரயில்வே கம்பெனி. சட்டப்படி வழி விட்டாக வேண்டும். 1947இல் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, குடியிருந்த ‘கிரெஸ்ஸி’ படகிலேயே கிளம்பிவிட்டார். பாசியும் குப்பையும் மண்டிய தண்ணீரில் தட்டுத்தடுமாறி வந்து சேர, ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள்! எனக்கு ரொம்பப் பிடித்த போராட்டம் இது.

1946இல் எழுத்தாளர் ராபர்ட் ஐக்மேன் முதலானோரோடு சேர்ந்து, கால்வாய்களைக் காப்பாற்ற உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கியவர். 1951இல் அதே சங்கம் அவரை நீக்கியது (சங்கம் என்றால் எங்கேயும் இப்படித்தான் போல). மனுஷன் சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் வேல்ஸில் மூடப்பட இருந்த டாலிலின் என்ற சின்ன ரயில்பாதையைத் தன்னார்வலர்களோடு ஓட்டிக்கொண்டிருந்தார்.