ஈறில் தடவிய ஜெல்லும் இரண்டு நிமிடமும்

மேல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுப்பதற்காக, சென்ற வாரம் அம்மாவைப் பெரம்பூரில் எங்கள் வீட்டருகே இருக்கும் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரண்டு ஆண்டுகளாக அவர் தள்ளிப்போட்டு வந்ததற்குக் காரணம் ஊசிப் பயம். முன்பு வேறோர் இடத்தில், எச்சில் ஊறியிருந்த ஈறில், ஊசி வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவிய கையோடு ஊசியையும் இறக்கிவிட்டார்கள். அம்மா கண்ணீர் விட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். ஜெல் என்பதே கண்துடைப்பு என்ற முடிவுக்கு அவர் அன்றே வந்துவிட்டார்.

இந்த முறை மருத்துவர் முதலில் ஈறைப் பஞ்சால் ஒற்றி, ஈரம் போக உலர்த்தினார். பிறகு பஞ்சுக்குச்சியின் நுனியில் பட்டாணி அளவுக்கும் குறைவாக லிக்னோகெயின் ஜெல்லை எடுத்துக் கன்னத்துப் பக்க ஈறில் வைத்து, "ரெண்டு நிமிஷம் அப்படியே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்து ஈறின் மேல்தோலுக்குள் ஊறி, நரம்பு முனைகளில் சோடியம் அயனிகள் நுழையும் வழியை அடைத்தால்தான் வலி மூளைக்கு எட்டாமல் நிற்கும். எச்சில் கலந்தால் மருந்து நீர்த்து வழிந்துவிடும். ஊசி இறங்கியபோது, புடவைத் தலைப்பைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள் இறுகவே இல்லை.

அண்ணத்துப் பக்கம் போட்ட ஊசி மட்டும் வலிக்கத்தான் செய்தது. அங்கே தோல் தடிப்பாகவும் எலும்போடு இறுக ஒட்டியும் இருப்பதால் ஜெல் அவ்வளவாகப் பலன் தராது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி, குத்தும் இடத்தருகே குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி அவர் சொன்னது அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

ஜெல்லின் பலன் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆழம் வரைதான். ஊசி குத்தும் வலியை அது தணிக்கும். பல்லை எடுக்க ஊசி மருந்து வேண்டும். பல்வலிக்கு மருந்துக் கடையில் ஜெல் வாங்கித் தடவியே நாள்களைக் கடத்துவோரை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், மனம் பதைக்கிறது. சொத்தை ஆழமாக இறங்கியபின் வலி பல்லுக்குள்ளிருந்து வருகிறது. ஈறில் தடவுவது அங்கே எட்டாது.

பல் முளைக்கும் தன் கைக்குழந்தைக்குத் தடவலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். பென்சோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்து கலந்த ஜெல், அரிதாக, இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. இப்போது அவள் சுத்தமான விரலால் குழந்தையின் ஈறை மெல்ல நீவிவிடுகிறாள்.