வால்சிங்கம் மாதாவுக்கு அம்மாவின் நேர்த்தி

தம்பிக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நல்லபடி முடிந்தால் இலங்கையில் மன்னார்ப் பக்கமுள்ள மருதமடு மாதாவின் ஆடித் திருவிழாவுக்கு வருவதாக அம்மா நேர்ந்திருந்தார். தம்பி பிழைத்து எழுந்துவிட்டான். அம்மாவின் முழங்கால்தான் விமானப் பயணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. "மடுவில் இருக்கிறவளும் வால்சிங்கத்தில் இருக்கிறவளும் ஒருத்திதானே, பிள்ளை" என்று அவரே வழி சொன்னார். வால்சிங்கம் இங்கிலாந்தின் நோர்போக்கில் உள்ள மாதாவின் திருத்தலம். ஜூலையில் இங்கிலாந்துத் தமிழர்கள் கூடும் யாத்திரை நாளிலேயே போவதென்று முடிவானது. செருப்பில்லாமல் நடக்கும் பகுதி என் பொறுப்பில் விழுந்தது.

லண்டனிலிருந்து போகிற பாதையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாகனம் நிறுத்துமிடத்தைப் பற்றி நிறைய எழுதலாம். வயல் ஓரத்தில் வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே ஒருவர் யாழ்ப்பாணத்தில் காணி விற்பனை என்று துண்டுப்பிரசுரம் நீட்டினார். திருப்பலி தொடங்குவதற்கு முன்பே கொத்துரொட்டிக்கு வரிசை. செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படம் எடுத்தவர்களும் உண்டு. நெற்றியில் திருநீற்றோடு வந்திருந்த ஒரு பாட்டி மட்டும் யாரையும் இடிக்காமல், கையில் மெழுகுதிரியோடு பொறுமையாக நின்றார்.

கோயில் என்று நாங்கள் தேடிப் போனது 14-ஆம் நூற்றாண்டின் சிறு சிற்றாலயம். ஸ்லிப்பர் சாப்பல் என்பார்கள். யாத்திரிகர் இங்கே காலணியைக் கழற்றிவிட்டு, கடைசி ஒரு மைலை வெறுங்காலோடு நடப்பது பழைய வழக்கம் என்று சொல்கிறார்கள். மாதாவின் பழைய சுரூபம் அந்த ஒரு மைலுக்கு அப்பால், வால்சிங்கம் துறவிகளின் மடத்தில் இருந்தது. 1061-இல் ரிச்செல்டிஸ் என்ற சீமாட்டிக்கு மாதா நாசரேத்து வீட்டைக் காட்சியில் காட்டி, அதேபோல் ஒன்றைக் கட்டச் சொன்னாராம். அந்த வீட்டுக்குத்தான் அரசர்கள் முதல் ஆண்டிகள் வரை வந்து போனார்கள்.

அப்படி வந்தவர்களில் எட்டாம் ஹென்றியும் ஒருவன் என்பதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 1511-இல் ஆண் குழந்தை பிறந்த நன்றிக்கு வந்தான். குழந்தை இரண்டு மாதம்கூடத் தங்கவில்லை. ஆனாலும் அரசன் பெயரில் ஒரு மெழுகுதிரி மாதாவின் முன் எரிந்துகொண்டே இருந்தது. அரண்மனைக் கணக்கில் அதற்குப் பணம் எழுதப்பட்டது. பிறகு அவனே ரோமை விட்டுப் பிரிந்து, மடங்களை மூடத் தொடங்கினான். 1538-இல் அதே அரசனின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆட்கள் சுரூபத்தை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். செல்சியில் வைத்து எரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, மடங்களை மூடுவதை எதிர்க்கத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டி, மடத்தின் துணைத்தலைவர் நிக்கலஸ் மைல்ஹாமைக் கொன்றிருந்தார்கள். சுரூபங்களை எரிக்கலாம் என்று குரோம்வெல்லுக்கு எழுதியவர் ஆயர் லாட்டிமர். அவரையும் 1555-இல் ஆக்ஸ்போர்டில் எரித்தார்கள், அதுவும் எங்கள் கத்தோலிக்கப் பக்கத்தார். அதை நினைத்ததும் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் புதிதல்ல. கத்தோலிக்கத்தைத் தடைசெய்த ஒல்லாந்தர் காலத்தில், 1670 வாக்கில், மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டுக்குள் போன கதையை மன்னாரில் குழந்தைகள்கூடச் சொல்லும். மடு மாதா தப்பினார். 2008-இல் ஷெல் விழுந்தபோதும் தேவன்பிட்டிக்குப் போய்த் தப்பினார். "இங்கே தூக்கிக்கொண்டு ஓட ஒரு காடு இருக்கவில்லை போல" என்றார் அம்மா.

ஸ்லிப்பர் சாப்பலும் பிற்காலத்தில் மாட்டுத் தொழுவமாகக் கிடந்ததாம். சார்லட் பாய்ட் என்ற பெண்மணி 1890-களில் விலைக்கு வாங்கிச் சீர்செய்தார். இன்று உள்ளே இருப்பது புதிய சுரூபம். பழைய மடத்து முத்திரையைப் பார்த்துச் செதுக்கியது. மாதா அரியணையில் அமர்ந்து, மடியில் குழந்தையை வைத்திருக்கிறார். கையில் லீலி மலர்.

வரிசை மெல்ல நகர்ந்து எங்கள் முறை வந்தது. பின்னால் நின்றவர்கள் முதுகில் தள்ளினார்கள். அம்மா செபமாலைப் பையைத் திறந்து, தம்பியின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பிளாஸ்டிக் பட்டியை எடுத்தார். அதை இத்தனை காலம் வைத்திருந்தது எனக்கே தெரியாது. பட்டியில் அவன் பெயர் பாதி அழிந்திருந்தது. அதை உயர்த்திப் பிடித்து, கிரியாட்டினின் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், மறுபடி எப்போது வேலைக்குப் போனான் என்று மாதாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். தொண்டர் ஒருவர் நகரும்படி சைகை காட்டினார். அம்மா நகரவில்லை. நான் வீட்டிலிருந்து ஒரு மன்றாட்டுப் பட்டியலே தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. தாயே, அவனைத் தந்தீரே, தந்தீரே என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. கண்ணீரைத் துடைக்கக்கூட மனமில்லாமல் நின்றேன்.

அந்த ஒரு மைலும் தார், பொடிக்கல், வெயில். மடத்தில் மிஞ்சியிருப்பது கிழக்குச் சன்னலின் வளைவு. அதற்குள் வானம் தெரிகிறது. நாசரேத்து வீடு இருந்த இடம் புல்வெளி. பாதம் எரிய அந்தப் புல்லில் முழந்தாளிட்டபோது, எரிச்சலும் சேர்த்தே காணிக்கையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது அத்தான் காரைப் பின்ஹாமுக்குத் திருப்பினார். அங்கும் பழைய மடத்துக் கோயில்தான். இன்று ஆங்கிலிக்கன் சபையுடையது. மரத் திரையில் வரிசையாகப் புனிதர்களை வரைந்திருந்தார்கள். சீர்திருத்தக் காலத்தில் அவர்கள்மேல் வெள்ளை அடித்து, ஆங்கில விவிலிய வசனங்களைக் கறுப்பில் எழுதிவிட்டார்கள். இப்போது அந்த வெள்ளை உதிர்கிறது. எழுத்துக்கு நடுவே ஓரிடத்தில், பாடுபட்ட ஆண்டவரின் முகமும் மார்பும் வெளியே வந்திருக்கின்றன. வசனமும் நல்ல வசனம், முகமும் ஆண்டவர் முகம். எதைப் பார்த்துச் சிலுவை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. கிட்டே போய்ச் சிலுவை போட்டுவிட்டு, மெழுகுதிரி எங்கே ஏற்றுவது என்று கேட்டார்.

தம்பி நலமாக இருக்கிறான், மாதாவுக்குத் தோத்திரம். அடுத்த ஆண்டு அவனே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த ஒரு மைலையும் வெறுங்காலோடு நடப்பான் என்று அம்மா அங்கேயே நேர்ந்துவிட்டார். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.