ஒரேயடியா நிறுத்தாதீங்க

"அண்ணா, ஒரேயடியா நிறுத்தாதீங்க."

நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிறது, மறுபடியும் கார்த்திகை வரப்போகிறது, இன்னும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனசுக்குள் அதுதான் ஓடுகிறது.

பல்கலைக்கழக ஆய்வு. படபடப்பும் குடியும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்துகொள்கின்றன, முழுசாக விட முடியாதவருக்கு குடியால் வரும் கேட்டையாவது குறைக்க முடியுமா என்பதுதான் விஷயம். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் கேள்வித்தாளோடு போய் உட்காருவது என் வேலை. கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும், பதிலைக் குறிக்க வேண்டும், மதிப்பெண் கூடினால் பரிந்துரைச் சீட்டைக் கொடுக்க வேண்டும். நாமாக ஆலோசனை சொல்லக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதை நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு, குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் கேள்விகள் பத்தும் முடிந்தபோது 40-க்கு 27. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய கேள்விகள் அவை. 8 வந்தாலே கவனிக்க வேண்டும், 20 வந்துவிட்டால் உடம்பே குடிக்கு அடிமையாகிவிட்டதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். ஆறாவது கேள்வி, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் அன்றைய பொழுது ஓடுமா என்பது. அதில் எல்லோரும் கொஞ்சம் தயங்குவார்கள். இவர் தயங்கவே இல்லை. "கட்டிங் போடலைன்னா கவாத்துக் கத்தி கையில நிக்காது மேடம்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். சாயங்காலம் மூன்றரை மணி இருக்கும். காலையில் போட்டது இறங்கிக்கொண்டிருந்த நேரம், விரல் நுனிகள் தனியாக ஆடிக்கொண்டிருந்தன.

அடுத்தது படபடப்புக்கான ஏழு கேள்விகள். அதில் 21-க்கு 15. "விடியக்காலைல நெஞ்சு அடிச்சுக்கும், எதுக்குன்னே தெரியாது, ஒரு மடக்கு உள்ள போனா நிக்கும்" என்றார். இதில் எது பயம், எது இரவு குடித்தது இறங்குவதால் வரும் நடுக்கம் என்று தாளால் பிரிக்க முடியாது. பயத்துக்காகக் குடிக்கிறார், குடி இறங்கும்போது பயம் வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

தினமும் ஒரு குவார்ட்டர் என்றுதான் சொன்னார். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும், ஒரு அளவுக்கு 10 கிராம் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆறு அளவு அது என்று பலரும் நினைப்பதில்லை. ஆனால் சரியான கணக்கு வாசலில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டு அக்காவிடம்தான் இருந்தது. நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருகிறார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கக் கூடாது என்று ஹைகோர்ட் சொல்லி வந்த ஏற்பாடு. அந்த அக்கா ஒவ்வொரு பாட்டிலையும் முந்தானையால் துடைத்து, ஈரத்தில் ஸ்டிக்கர் உரிந்துவிடாமல் தடவிப் பார்த்து, உரச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "வாரத்துக்கு நூறு நூத்திருபது வரும்" என்றார். அப்படியென்றால் பத்து, பன்னிரண்டு பாட்டில். எங்கள் கேள்வித்தாளில் அதை எழுத இடம் இல்லை.

எல்லாம் முடிந்து நான் பையைக் கட்டும்போதுதான் அவர் சொன்னார். "கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போடுறேன் மேடம். குருசாமிகிட்ட சொல்லியாச்சு. அன்னையோட சரி, ஒரு சொட்டுத் தொட மாட்டேன்." சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு இருந்தது. அக்கா சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேறொரு லயனில் ஒருவர், இதே மாதிரி காலையிலேயே குடிக்கிறவர், மாலை போட்ட கையோடு நிறுத்தினார். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்து மண்டை உடைந்தது. பிழைத்துக்கொண்டார். லயனில் சாமி குத்தம் என்றார்கள். சாமி குத்தம் இல்லை அது. பல வருஷமாக நாள் தவறாமல் நிறையக் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதைத் தாண்டினாலும் மூன்றாம் நாள் வாக்கில் ஆள் யாரென்று தெரியாமல் பிதற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாத்திரையும் பி1 ஊசியும் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள். இது தெரிந்தும் சீட்டை மட்டும் நீட்டிவிட்டு எழுந்து வர என்னால் முடியவில்லை.

"அவரே விடுறேங்கிறாரு. குடிக்கச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு படிச்சிட்டு வந்தீங்களா?" அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

அப்புறம் நான் படபடவென்று எல்லாம் சொன்னேன். முதலில் ஊட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், டாக்டர் சொல்கிறபடி இறக்குங்கள், அதற்குப் பிறகு மாலை போடுங்கள், சீட்டில் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் நம்பர் 14416 இருக்கிறது, கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் காதில் முதலில் விழுந்தது "நிறுத்தாதீங்க". "டாக்டரைப் பார்த்துட்டு மாலை போடுங்கண்ணா, நல்ல காரியம்" என்று ஆரம்பித்திருந்தால் அதே விஷயம்தானே? வரிசை மாறிப்போனது. இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறு சந்திப்புக்குப் போனேன். மாலை போடவில்லை. ஊட்டிக்கும் போகவில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும், அதுவும் ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை. "மேடந்தானே சொன்னீங்க, ஒரேயடியா நிறுத்தக் கூடாதுன்னு. கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வர்றேன்" என்றார், ரொம்ப மரியாதையாக. மதிப்பெண் 26. பக்கத்து வீட்டு ஆளும் அதையே சொன்னார். அவர் சம்பள நாளில் மட்டும் குடிக்கிறவர், நாளைக்கே நிறுத்தினாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மாலை போட்டு நிறுத்துகிறவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பெல்லாம் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சபரிமலை போய்வந்து மாலையைக் கழற்றினால் மறுபடி பழைய கதைதானே என்று எங்கள் குழுவில் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 41 நாள் கூலி முழுசாக வீட்டுக்கு வந்தால் அது 41 நாள் கூலிதான். ஈரலுக்கும் 41 நாள் ஓய்வு. கேட்டைக் குறைப்பது என்று நாங்கள் தாளில் எழுதுவதை இந்த மக்கள் விரதமாக வைத்திருக்கிறார்கள், அதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். குருசாமியைப் பார்த்துப் பேசியிருக்கலாமோ? அவர் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். ஆனால் ஆய்வில் ஒருவர் சொன்னதை நான் எப்படி வெளியே போய்ச் சொல்வது?

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். நடைமுறை மீறல் என்று பதிவு செய்தார், திட்டவில்லை. மறுபடி அதே இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதையேதான் சொல்வேன் என்றேன். வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்தப் பதிலும் நிற்கவில்லை.

மறு சந்திப்பன்று கிளம்பும்போது அக்கா சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு மேல் ரோடு வரை கூடவே வந்தார். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த கார்த்திகைக்கு முந்தியே ஒருக்கா வாங்க மேடம். அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். என்ன செய்யணுமோ அத எங்கிட்ட சொல்லுங்க."

ஆய்வுக் கணக்கில் அந்த வீட்டுக்கு இனி போக வேண்டியதில்லை. கார்த்திகை பிறக்க இன்னும் 18 நாள் இருக்கிறது. பஸ் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன்.